பிரசிடெண்டு ஊட்டுக்காரர் வைத்த மியூசியம்

பெண்டாட்டி வந்தால் எழுந்து நிற்கிற ஆம்பளை இந்தப் பூமியில் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் ஏற்காட்டு மலையில் இருக்கிறார். "நான்கூடத்தான் நிற்கிறேன்" என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். நீங்கள் பயத்தில் நிற்பீர்கள், அவர் மரியாதையில் நிற்பார். முழங்காலைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அவருடைய பேர் மலையில் யாருக்கும் தெரியாது. பஸ் கண்டக்டரிலிருந்து சர்ச் ஃபாதர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'பிரசிடெண்டு ஊட்டுக்காரர்'. நான் எங்கள் ஊராட்சியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். ஒரு தடவை வோட்டர் லிஸ்ட் சரிபார்க்கும்போது ஒரு பேரைப் பார்த்துவிட்டு, யார்ரா இந்த ஆளு, கேள்விப்பட்டதே இல்லையே என்று பென்சிலில் 'விசாரிக்கவும்' என்று குறித்து வைத்தேன். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் அப்போது எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிய வருஷம், எஸ்டேட்டில் காப்பி பறிக்கிற பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த அம்மா ஒருவர் நின்று ஜெயித்துவிட்டார். அந்த அம்மா மேல் சரிவில் நின்று கூப்பிட்டால் கீழ்ச் சரிவில் இருப்பவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலே வருவார்கள். மைக் இல்லாமலே பிரசாரம் பண்ணினவர். ஊட்டுக்காரர் அதே எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துகொண்ட மனுஷன். அதனால் வெளியிலும் சத்தமாகப் பேச மாட்டார்.

பெண் தலைவர் என்றால் வழக்கம் என்ன? அம்மா கையெழுத்துப் போடுவார், ஐயா நாற்காலியில் உட்காருவார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, முதல் நாள் ஐயாவுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். "உக்காருங்க தலைவரே" என்றேன்.

அவர் ரெண்டடி பின்னால் போய்விட்டார். "ஏனுங்க கிளார்க்கு, அது அவிங்க சேருங்க. நான் எங்கீங்க ஓட்டு வாங்குனேன்?"

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனவர்தான். பத்து வருஷம், ரெண்டு தடவை அம்மா பிரசிடெண்டாக இருந்த காலம் பூராவும் ஷிப்ட் முடிந்தால் வாசலிலேயே இருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் சோத்துத் தூக்குப்போசி. யூனியன் ஆபீஸில் தலைவர்கள் கூட்டம் நடந்தால் மற்ற பெண் தலைவர்களின் புருஷன்மார்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்து மேஜையைத் தட்டிப் பேசுவார்கள். எங்கள் ஆள் வெளியே வேப்பமரத்தடியில் டிரைவர்களோடு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அந்தப் புருஷன்மார்கள் நாலைந்து பேர் சேர்ந்து இவரை மடக்கினார்கள். "யோவ், நீ ஒருத்தன் இப்பிடி இருந்து எங்க மானத்தை வாங்கற. நேத்து எங்க ஊட்டுல, 'நீங்க ஏன் வெளியே உக்காரக் கூடாது'ன்னு கேக்கறாய்யா!"

இவர் பதற்றமே இல்லாமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "வாங்க, இங்க நல்லாக் காத்து வருதுங்க" என்றார்.

இன்னொன்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். அவர்கள் வீட்டுக்கு முன்னால் தெருவிளக்கு எரியவில்லை. சோறு போடும்போது சொல்லியிருக்கலாமா இல்லையா? மனுஷன் ஒரு மனு எழுதிக்கொண்டு திங்கட்கிழமை ஆபீஸில் வரிசையில் வந்து நின்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பே இல்லை. "முன்னால ஆளுங்க இருக்காங்கல்ல? வரிசையில வாங்க" என்றார். "சரீங்க" என்று கடைசிக்குப் போனார். நான்தான் அந்த மனுவுக்கு சீல் வைத்தேன். விளக்கு எரிய மூணு வாரம் ஆனது. அதற்கு முன்னால் பதினாலு மனு இருந்தது, அம்மா வரிசையை மாற்ற மாட்டார்.

இப்படியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்கா வந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். நர்ஸ் படித்து அமெரிக்கா போய் அங்கேயே குடும்பமாகி, மாசமாக இருந்தாள். பிரசவத்துக்கு அம்மா வரணும் என்று போன். அம்மாவுக்கு அந்த மாசம் கிராம சபை. மலைக்கு மேல் இருக்கிற ஒரு காலனிக்குத் தண்ணி கொண்டுபோகிற வேலை வேறு பாதியில் நின்றது.

"நீங்க போயிட்டு வாங்க" என்றார் அம்மா.

"நானுங்களா? பிரசவத்துக்குங்களா?"

"பெத்துக்கப் போறது அவ. கூட இருக்கறது யாரா இருந்தா என்ன?"

சரீங்க என்று மனுஷன் கிளம்பிவிட்டார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று எஸ்டேட் லைன் வீடுகளில் மூணு பெண்களிடம் பாடம் கேட்டார். ஒரு பூசணிக்காயைக் காலில் படுக்கவைத்து, எண்ணெய் தேய்த்து, கண்ணில் சோப்பு படாமல் தண்ணி ஊற்றிப் பழகினார். அந்தப் பூசணிக்காயை அப்புறம் சாம்பாரில் போட அவருக்கு மனசு வரவில்லை என்று அம்மாவே என்னிடம் சொன்னார். பூண்டு, சுக்கு, மலைமிளகு எல்லாம் கட்டிக்கொண்டு போய், மூணு மாசம் பத்தியம் சமைத்துப் போட்டு, பேரனைக் குளிப்பாட்டி, தாலாட்டி, தூங்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வந்தவர் பனி கொட்டினதைச் சொல்லவில்லை, பெரிய பெரிய கட்டடத்தைச் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் பேசினார். மருமகன் ஒரு நாள் அவரை ஒரு பழைய பிரசிடெண்டின் லைப்ரரிக்கும் மியூசியத்துக்கும் கூட்டிப்போயிருக்கிறார். அந்த நாட்டில் பிரசிடெண்டாக இருந்து இறங்கினவர்களுக்கு ஆளுக்கொன்று அப்படிக் கட்டுவார்களாம்.

"அவரு போட்ட கண்ணாடி, அவரு செருப்பு, அவரு கையெழுத்துப் போட்ட பேனா, அத்தனையும் வெச்சிருக்காங்க கிளார்க்கு. காயிதம் இருக்கே காயிதம், ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கடாசலீங்க. பொட்டி பொட்டியா அடுக்கியிருக்காங்க. நம்ம ஆபீஸ்ல பழைய மனுவையெல்லாம் நீங்க என்னுங்க பண்ணறீங்க?"

நான் பேச்சை மாற்றினேன். எங்கள் ஆபீஸ் பீரோவுக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் எதை வைத்திருக்கிறேன் என்று வெளியே சொல்ல முடியாது.

அந்த பிரசிடெண்டின் அறையை அப்படியே அச்சு அசலாகச் செய்து வைத்திருந்தார்களாம். வருகிறவர்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். மருமகன், "உக்காருங்க மாமா" என்று கெஞ்சியிருக்கிறார். உட்காருவாரா இவர்? அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. நடுவில் பெரிய நாற்காலி காலியாக இருக்கிறது. பக்கத்தில் குரங்குக் குல்லாவோடு நம் ஆள் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே போனவர் இதோ வந்துவிடுவார் என்கிற மாதிரி.

"இன்னொரு சங்கதி கேளுங்க கிளார்க்கு. அந்த பிரசிடெண்டு மறுபடி நின்னு தோத்துப்போட்டாருங்களாமா."

"தோத்தவருக்கா மியூசியம்?"

"தோத்தவருக்குந்தானுங்க! கட்டடத்துல ஒரு செங்கல் கொறைக்கலீங்க!"

அப்போது நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். அடுத்த தேர்தலில் எங்கள் அம்மா தோற்றுப்போனார்.

விரல்விட்டு எண்ணுகிற ஓட்டு வித்தியாசம்தான். இந்தத் தடவை பதவியைப் பொதுவாக்கியிருந்தார்கள், ஜெயித்தது ஒரு இளவட்டம். மிளகு வியாபாரம் பண்ணுகிற பையன், கெட்டவன் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அது உள்ளே எங்கேயோ குத்திவிட்டது. பத்து வருஷம் வெயில் மழை பார்க்காமல் நடந்தவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கடைக்குப் போவதில்லை. பஸ்ஸில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று காப்பித் தோட்டத்துக் குறுக்குவழியில் போய் வந்தார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக்கூட மலை ஏறவில்லை. நான் ஒரு நாள் பார்க்கப் போனேன். "கிளார்க்கு வந்திருக்காருங்க" என்று ஊட்டுக்காரர் உள்ளே குரல் கொடுத்தார். "நான் இல்லைன்னு சொல்லுங்க" என்று அந்த வெண்கலக் குரலே பதில் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து வருஷம் என்னைத் திட்டின குரல் அது.

ஊட்டுக்காரர் என்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். "அவிங்க சோறே சரியாத் திங்கறதில்லீங்க. ஊரே தன்னைய வேண்டாம்னு சொல்லிப்போடுச்சுன்னு நெனைக்கறாங்க. செஞ்சதெல்லாம் அவிங்களுக்கே மறந்துபோச்சுங்க. ஒரு தடவை எல்லாத்தையும் கண்ணுல பாத்தாங்கன்னா எந்திரிச்சுருவாங்க" என்றார். அப்புறம், "மியூசியம் வெச்சுப்போடலாமுங்க" என்றார்.

வீட்டை ஒட்டி மிளகு காயப்போடுகிற ஒரு தகரக் கொட்டாய் இருந்தது. அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, 'பிரசிடெண்டு நூலகம் மற்றும் மியூசியம்' என்று போர்டு மாட்டினார். பொருள் சேர்க்கக் கிளம்பினார் பாருங்கள், மலையே நடுங்கியது. அம்மாவின் கைப்பை, குடை, டார்ச் லைட்டு, தேய்ந்த செருப்பு, எல்லாம் அம்மா தூங்குகிற நேரமாகப் பார்த்துக் கொட்டாய்க்கு இடம் மாறின. அம்மா காலத்தில் முதன்முதலில் போட்ட தெருவிளக்கின் ஃபியூஸ் போன பல்பை வாழவந்திப் பக்கம் ஒரு வீட்டில் கண்டுபிடித்து, பஞ்சில் சுற்றி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். மேலே காலனிக்கு வந்த முதல் குழாயைக் கேட்டார், அவர்கள் தரமாட்டேன் என்றார்கள். இவர் நயமாகப் பேசிக்கொண்டே திருகிக் கழற்றிவிட்டார். காலனியில் ரெண்டு நாள் தண்ணி நிற்காமல் ஓடியது. காலனிப் பெண்கள் குடத்தோடு வந்து நின்று, புதுக் குழாய் வாங்கிப் போட்ட பிறகுதான் போனார்கள்.

நாற்காலியும் கிடைத்தது. புதுத் தலைவர் சுழல் நாற்காலி போட்டுக்கொண்டதால் அம்மாவின் கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆபீஸ் மூலையில் கிடந்தது. அதற்கும் முறைப்படி மனு எழுதி, வரிசையில் நின்றுதான் வாங்கினார்.

நூலகம் என்றால் புத்தகம் வேண்டுமே? பீரோவின் குட்டைக் காலுக்கு அடியில் இருந்ததை எல்லாம் நான் பாவமன்னிப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய மனுக்களின் நகல், கிராம சபை நோட்டு, அம்மா மேலே எழுதின கடிதங்கள், மேலேயிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்த பதில்கள். அவற்றையெல்லாம் பைண்டு பண்ணி, நடுவில் மகளின் பழைய நர்ஸிங் புத்தகங்களையும் கனத்துக்காகச் சேர்த்து அலமாரியில் அடுக்கினார். ஊராட்சி ஆபீஸ் அறையை அச்சு அசலாகச் செய்தார். மேஜை, தண்ணிப் பானை, காலண்டர், சுவரில் பல்லி வழக்கமாக இருக்கிற இடத்தில்கூட ஒரு பல்லி தானாக வந்து சேர்ந்தது.

எல்லாம் முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"அங்க ஆளுங்களை மெழுகுல பொம்மையா செஞ்சு வெச்சிருந்தாங்க கிளார்க்கு. நமக்கு மெழுகு எதுக்குங்க? நீங்கதான் இருக்கீங்களே."

எனக்கு வந்ததே கோபம். முப்பது வருஷம் சர்க்கார் வேலை பார்த்தவனைப் பொம்மையாக உட்கார வைப்பதா? "முடியவே முடியாது" என்று கத்திவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் ரிட்டயர் ஆகியிருந்தேன், வீட்டில் எனக்கும் வேறு வேலை இல்லை. கழுத்துக்குக் கீழே ஒரு அட்டை: 'கிளார்க்கு. அசல்.'

ஏரியைப் பார்த்து முடித்துவிட்டு என்ன பண்ணுவது என்று தெரியாமல் திரிகிற டூரிஸ்ட்டுகளை ஜீப் டிரைவர்கள் கூட்டிவர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த குடும்பத்தில் ஒரு அம்மா என்னை நெருங்கி வந்து உற்றுப் பார்த்து, "மூக்கெல்லாம் எவ்வளவு தத்ரூபமா பண்ணியிருக்காங்க" என்றார். எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அந்த அம்மா அலறிய அலறலில் பக்கத்து எஸ்டேட் நாய்கள் எல்லாம் குரைத்தன. அதற்கப்புறம் கூட்டம் கூடியது. மியூசியத்தைப் பார்க்க அல்ல, நான் தும்முவதைப் பார்க்க.

எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "அந்த பிரசிடெண்டம்மா இப்ப எங்க?"

ஊட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிற தன் வீட்டைப் பார்ப்பார். "வேலையா இருக்காங்க. வருவாங்க" என்பார்.

வரமாட்டார். சமையல்கட்டு ஜன்னல் கொட்டாயைப் பார்த்துத்தான் இருந்தது. அங்கே பாத்திரங்கள் மோதுகிற சத்தம்தான் வரும். ஒரே ஒரு நாள் குரலும் வந்தது. சுவரில் அம்மாவின் படத்தை மாட்டி, சுற்றிலும் சீரியல் பல்பு போட்டிருந்தார். "செத்தவங்களுக்குத்தான் படத்தைச் சுத்தி லைட்டுப் போடுவாங்க! நான் உசுரோட இருக்கறப்பவே மாட்டிப்போட்டீங்களா? தோத்தவளுக்கு எதுக்குங்க மியூசியம்?" இவர் ஓடிப்போய் பல்பைக் கழற்றினார். கழற்றின ஒயரைச் சுருட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். இருபது அடி தூரம்தான் அந்த ஜன்னலுக்கும் கொட்டாய்க்கும். அந்த இருபது அடியை அம்மா தாண்டவேண்டும், ஊட்டுக்காரருக்கு வேண்டியது அவ்வளவுதான். மாசங்கள் போயின, தாண்டவில்லை.

"எதுக்கு இந்தப் பாடு, விட்டுடுங்க" என்று ஒரு நாள் சொன்னேன்.

"விட்டா யாருங்க இருக்காங்க அவிங்களுக்கு?" என்றார்.

கடைசியில் தாண்ட வைத்தது நான்தான். ஆனால் அதற்கு நான் மாலை போட்டுக்கொள்ள முடியாது, ஏனென்றால் நான் செய்தது தப்பு.

ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் வைக்கிற அட்டையை எழுதுவது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர். நான் எதையும் மனம்போன போக்கில் எழுதுகிறவன் இல்லை, பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். காலனிக் குழாய்க்கும் அப்படியே எழுதினேன். பைப்பு போட்டு முடித்தது அம்மா காலத்தில். ஆனால் மோட்டார் வந்து சேருவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. அதனால் திறப்பு விழா நடத்தினது புதுத் தலைவர், கல்வெட்டில் பேர் அவருடையது, பதிவேட்டிலும் அப்படித்தான். 'காலனி குடிநீர்க் குழாய். வழங்கியவர்: தற்போதைய தலைவர்' என்று முத்து முத்தாக எழுதி வைத்துவிட்டேன். ஊட்டுக்காரர் என் மேல் இருந்த நம்பிக்கையில் அதைப் படிக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுத் தலைவரே மியூசியம் பார்க்க வந்தார். கூட நாலு பேர். எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் குழாய்க்கு முன்னால் நின்று, அட்டையைப் படித்து, அப்படியே பூரித்துப்போய்விட்டார்.

"பாத்தீங்களா! அக்கா மியூசியத்துலயே நம்ம பேரு! 'வழங்கியவர், தற்போதைய தலைவர்'!" என்று சத்தமாகப் படித்தார். மிளகு ஏலத்தில் கத்திப் பழகின தொண்டை.

சமையல்கட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

அடுத்த நிமிஷம் கொட்டாய் வாசலில் அம்மா நின்றார். கையெல்லாம் மாவு. எத்தனை மாசம் கழித்து அந்த முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறேன்! சந்தோஷப்படவா, ஓடவா என்று தெரியவில்லை.

"எவன்டா எழுதுனது?"

பொம்மையாகவே இருந்துவிடலாம் என்று மூச்சைப் பிடித்தேன். ஊட்டுக்காரர் துரோகி, கையை என் பக்கம் நீட்டிவிட்டார்.

"பதிவேட்டுல அப்பிடித்தானுங்கம்மா..." என்றேன்.

"பதிவேடா அந்த மலையில பைப்பைத் தூக்குச்சு? ஏனுங்க கிளார்க்கு, ஜீப்பு ஏறாதுன்னு காண்ட்ராக்டரு பைப்பைக் கீழயே போட்டுட்டுப் போனானே, நெனப்பு இருக்குதா? நாப்பது பொம்பளைங்க காப்பி பறிச்சு முடிச்சு, கூடையை வெச்சுப்போட்டு, பொழுது சாயற வரைக்கும் தலையில தூக்கிட்டு ஏறுனோமே, அது எந்தப் பதிவேட்டுல இருக்குது?" குரல் மலை முழுக்கக் கேட்டது. அப்படியே புதுத் தலைவர் பக்கம் திரும்பினார். "ஏன் கண்ணு, நீ சொல்லு. அன்னிக்கு வழுக்குப் பாறையில பைப்பு உருண்டப்ப யாரு முனையைப் புடிச்சது?"

புதுத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தானுங்க்கா."

"உன்ற கை நசுங்குச்சா இல்லையா?"

"நசுங்குச்சுங்க்கா." ஒரு விரலை நீட்டிக் காட்டினார். நகம் இன்னும் கோணல்தான். "கிளார்க்கு, என்ற பேரை அடிச்சுட்டு அக்கா பேரை எழுதுங்க. திறப்பு விழா அன்னிக்கே சொல்லியிருக்கணும், எனக்கு வாய் வரலீங்க" என்றார். எனக்கு அந்தப் பையன் மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

"என்ற பேரும் வேண்டாம். தூக்குனவங்க பேரை எழுதுங்க. நான் சொல்றேன்" என்றார் அம்மா. பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமலே கை உடைந்த அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேர்களைச் சொல்ல ஆரம்பித்தார். ஒருத்தியையும் விடவில்லை. யாருக்கு அன்றைக்குக் காய்ச்சல், யார் பச்சைக் குழந்தையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள், எல்லாம் சேர்ந்து வந்தது. நாலு அட்டை போதவில்லை. டூரிஸ்ட்டுகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தும்மிக்கூடப் பார்த்தேன், யாரும் திரும்பவில்லை.

ஊட்டுக்காரரைத் தேடினேன். கொட்டாய்க்கு வெளியே, சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "புகைங்க கிளார்க்கு" என்றார். அந்த வீட்டில் எரிவது கேஸ் அடுப்பு.

அதோடு மியூசியம் அமோகமாக நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நாசமாய்ப் போனது.

அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அடுத்த வாரம் மாரமங்கலம் போகிற பாதையிலிருந்து மூணு பேர் வந்தார்கள். மியூசியம் பார்க்க அல்ல, மனு கொடுக்க. "நான் இப்பத் தலைவர் இல்லீங்களே" என்றார் அம்மா. "அதனால என்னுங்க, நீங்க கேட்டா நடக்கும்" என்றார்கள். மனுவைப் படித்துப் பார்த்தார். "இதுக்கு நானே யூனியன் ஆபீஸ் போவோணும்" என்று எழுந்தார். வெளியே தூறல். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கைப்பை போனது. டார்ச் லைட்டு போனது, புது செல் போட்டுக்கொண்டார். மனு வாங்க நாற்காலியும் திண்ணைக்குப் போனது. பைண்டு பண்ணின பழைய மனுக்களில் எதற்கெல்லாம் வேலை நடக்கவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பக்கம் பக்கமாகக் கிழித்துக்கொண்டு போய் புதுத் தலைவர் மேஜையில் போட்டார். அந்தப் பையன், "மியூசியத்தைப் பாக்கப் போனது என் தப்புங்க" என்று என்னிடம் புலம்பினான், அக்கா கேட்டதைச் செய்துகொண்டும் இருந்தான்.

இப்போது அந்தக் கொட்டாயில் ஒரு ஃபியூஸ் போன பல்பும் ஒரு குழாயும் நர்ஸிங் புத்தகமும் நானும்தான் மிச்சம். டூரிஸ்ட்டுகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போன வாரம் எனக்கே பொறுக்கவில்லை. "பாத்துப் பாத்துச் சேத்தீங்க, மியூசியமே போச்சே" என்றேன்.

ஊட்டுக்காரர் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். கீழே ரோட்டில் அம்மா யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"போகட்டுமுங்க. ஆளு வந்துட்டாங்கல்ல?"

அந்த மனுஷன் போடுகிற காப்பி சுமார்தான். சர்க்கரை எப்போதும் கூடுதல். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணியானால் நான் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அவரைப் பார்க்காத வாரம் எனக்கு வாரமாகவே தோன்றுவதில்லை.